கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோ: 14,000 கிலோமீற்றரும் ஐம்பது மணித்தியாலமும்

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு விமானத்தில் எத்தனை மணித்தியாலம் என்று இணையத்தில் தேடினால், ‘16 மணித்தியாலம்’, ‘17 மணித்தியாலம்’ என்று கணிப்பான்கள் பதில் தருகின்றன. அப்படி ஒரு விமானம் இல்லை. இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணித்தியாலத்தைச் சேர்த்து அந்த இணையத்தளங்கள் அந்த எண்ணைத் தருகின்றன. வகுத்தல் சரி, பயணம் மட்டும் அப்படி நடப்பதில்லை.

இந்தப் பாதையைப் பற்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தேவை எங்களில் பலருக்கு உண்டு. ரொறன்ரோவும் அதைச் சுற்றியுள்ள ஸ்காபறோ, மார்க்கம், பிரம்டன் பகுதிகளும் இலங்கைக்கு வெளியே ஈழத்தமிழர் மிக அதிகமாக வாழும் இடங்களில் சேரும். பேரப்பிள்ளையைப் பார்க்கத் தனியே போகும் அம்மம்மாவும், நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் குடும்பமும், “அப்பாவுக்குக் கடுமை” என்று வந்த தொலைபேசி அழைப்போடு ஓடிவரும் மகனும் இதே பாதையில்தான் பயணிக்கிறார்கள்.

வரைபடம் காட்டும் கோடும் விமானம் பறக்கும் கோடும்

முதலில் தூரம். கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்துக்கும் ரொறன்ரோ பியர்சன் சர்வதேச விமான நிலையத்துக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். மைல் கணக்கில் 8,700. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 7,560 அளவு.

இந்த இரண்டு இடங்களுக்கும் ஒரு வேடிக்கையான பொருத்தம் இருக்கிறது. கட்டுநாயக்க 79.9 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. பியர்சன் 79.6 பாகை மேற்கு நெடுங்கோட்டில். கிரீன்விச்சிலிருந்து பார்த்தால் ஒன்று இந்தப் பக்கம் எவ்வளவோ, மற்றது அந்தப் பக்கம் அவ்வளவு. பூமியின் அரைச்சுற்றுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளி.

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் இரண்டையும் அடிமட்டம் வைத்து இணைத்தால், கோடு அரபிக்கடல், யேமன், சகாரா, மொறோக்கோ வழியாகப் போய் அத்திலாந்திக்கைக் கடக்கும். அந்தக் கோட்டில் பறந்தால் 16,100 கிலோமீற்றர். உண்மையான குறுக்குவழி அதைவிட 2,100 கிலோமீற்றர் குறைவு, அது வடக்கே போகிறது. ஒரு பூகோள உருண்டையும் ஒரு நூலும் கிடைத்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நூலின் ஒரு முனையை நீர்கொழும்புப் பக்கமும் மறுமுனையை ஒன்ராறியோ ஏரிக்கரையிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறிவிடும். இதைத்தான் பெருவட்டப் பாதை என்கிறார்கள்.

அந்த நூல் போகும் வழியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். கட்டுநாயக்கவில் எழும்பி, புத்தளத்துக்கு மேற்கே கடலின் மேலால் போய், இராமேஸ்வரத்துக்குச் சற்று மேற்கே பாக்கு நீரிணையைத் தாண்டி, தொண்டி அருகே தமிழ்நாட்டுக் கரையைத் தொடுகிறது. பிறகு துறையூர், கிருஷ்ணகிரிப் பக்கம். மகாராஷ்டிரத்தின் ஜல்கான். அங்கிருந்து பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் எல்லை, உஸ்பெகிஸ்தான், கஸகஸ்தான், ரஷ்யாவின் கீரோவ் நகரம், நோர்வேயின் வட முனையில் ட்ரொம்ஸோ. 72 பாகை வடக்கு வரை ஏறி, கிறீன்லாந்தின் பனிப்பாறைகளைக் கடந்து, கியூபெக்கின் ஆளில்லாத வடபகுதி வழியாகத் தெற்கே இறங்கினால் ரொறன்ரோ. கனடாவுக்குப் போகும் பாதை துருவப் பக்கமாகப் போவதைப் பார்த்து, “ஏன் இவ்வளவு சுத்திக்கொண்டு போறாங்கள்?” என்று இருக்கைத் திரையைக் காட்டிக் கேட்பவர்களுக்கு விடை இதுதான். அது சுற்றே இல்லை.

ஏன் நேரடி விமானம் இல்லை

பறக்க முடியாததால் இல்லை. சிங்கப்பூருக்கும் நியூயோர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 15,350 கிலோமீற்றரை சிங்கப்பூர் எயர்லைன்ஸ் ஏ350 விமானம் இறங்காமல் கடக்கிறது. பெர்த்திலிருந்து லண்டனுக்கு 14,500. நமக்கு மிகப் பொருத்தமான ஒப்பீடு பெங்களூர் – சான் பிரான்சிஸ்கோ. 2021 ஜனவரியில் எயர் இந்தியா போயிங் 777 ரக விமானத்தில் அந்தச் சேவையைத் தொடங்கியது. தூரம் கொழும்பு – ரொறன்ரோவுக்கு ஏறக்குறையச் சமம், 14,000 கிலோமீற்றர். முதல் விமானத்தைப் பெண் விமானிகள் மட்டுமே செலுத்தி வந்ததால் அது அப்போது உலகச் செய்தியானது.

ஆக, இயந்திரம் இருக்கிறது. ஆனால் அது ஸ்ரீலங்கன் விமான சேவையிடம் இல்லை. அதனிடம் உள்ள பெரிய விமானங்கள் ஏ330 ரகம். லண்டன் ஹீத்ரோ வரையிலான 8,700 கிலோமீற்றருக்கு அவை தாராளமாகப் போதும். 14,000 கிலோமீற்றருக்குப் போதாது. 2013 இல் ஏ350 விமானங்கள் வாங்க உத்தரவிடப்பட்டது. அவை ஒருபோதும் இங்கு சேவைக்கு வரவில்லை. அந்தக் கதை இந்தக் கட்டுரைக்கு அடங்காது.

விமானம் கிடைத்தாலும் கணக்கு இடிக்கும். மிக நீண்ட பயணத்தில் விமானம் முதல் பாதி நேரம் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருளை எரிக்கிறது. அந்தச் செலவை ஈடுகட்டுவது முன்வரிசையில் அதிக விலை கொடுத்து இருப்பவர்கள். வணிகப் பயணிகள் நிறைந்த சிங்கப்பூர் – நியூயோர்க் பாதைக்கு அது பொருந்தும். ரொறன்ரோ – கொழும்புப் பயணிகளில் பெரும்பாலானோர் உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள், சொந்தப் பணத்தில் சீட்டு வாங்குகிறவர்கள். அவர்களும் ஜூலை, ஓகஸ்ட், டிசம்பரில் குவிந்து, மற்ற மாதங்களில் குறைந்துவிடுகிறார்கள். கடனில் தத்தளிக்கும் ஒரு தேசிய விமான சேவை இதில் இறங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எந்த ஊர் வழியாகப் போவது

இங்கேதான் பலருடைய எண்ணத்துக்கு மாறான ஒன்று வருகிறது. டுபாயில் இறங்கிப் போவதால் தூரம் எவ்வளவு கூடுகிறது என்று நினைக்கிறீர்கள்? கட்டுநாயக்க – டுபாய் 3,290 கிலோமீற்றர். டுபாய் – ரொறன்ரோ 11,080. மொத்தம் 14,370. இல்லாத அந்த நேரடிப் பாதையைவிட வெறும் 370 கிலோமீற்றர், அதாவது ஏறக்குறைய யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வரும் தூரம்தான் அதிகம். தோஹா வழி 14,490. இஸ்தான்புல் வழி 14,470. லண்டன் வழி 14,420. டெல்லி வழி போனால் 14,035, ஏறத்தாழ நேர்கோடு. ஹொங்கொங் வழியாகக் கிழக்கே போனால் மட்டும் 16,560 ஆகிவிடும். அந்த வழியில் சீட்டு மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்பதை இப்போது புரிந்துகொள்ளலாம்.

நேரமும் அப்படியே. டுபாய்க்கு நாலரை முதல் ஐந்து மணித்தியாலம், அங்கிருந்து ரொறன்ரோவுக்குப் பதினான்கு. லண்டனுக்குப் பதினொன்று, அதன்பின் எட்டுக்குச் சற்றுக் குறைவு. இஸ்தான்புல்லுக்கு எட்டரை முதல் ஒன்பது, பிறகு பத்தரை முதல் பதினொன்று. எப்படிக் கூட்டினாலும் வானத்தில் இருக்கும் நேரம் 18 முதல் 20 மணித்தியாலத்துக்குள் அடங்கும். ஒரே பயணத்துக்கு ஒருவர் 22 மணித்தியாலத்திலும் இன்னொருவர் 38 மணித்தியாலத்திலும் போய்ச் சேர்கிறார் என்றால், வித்தியாசம் இடைத்தங்கலில் இருக்கிறது. சீட்டு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான்.

திரும்பி வரும்போது நேரம் குறையும். ரொறன்ரோவிலிருந்து டுபாய்க்குப் பன்னிரண்டரை முதல் பதின்மூன்று மணித்தியாலம் போதும். வட அரைக்கோளத்தின் உயர் வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றோட்டம் வரும்போது முதுகில் தள்ளுகிறது, போகும்போது முகத்தில் மோதுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டும் என்பதால் டிசம்பரிலும் ஜனவரியிலும் இந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரியும்.

நீளம் ஒன்றாக இருந்தாலும் விசா விதிகள் ஒன்றல்ல. டுபாய், தோஹா, இஸ்தான்புல்லில் விமான நிலையத்துக்கு உள்ளேயே விமானம் மாறும் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் விசா எடுக்கத் தேவையில்லை. ஐரோப்பாவில் ஷெங்கன் நாடுகளின் விமான நிலையங்களில் இலங்கையர் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும் என்பது பொது விதி. பிரித்தானியாவிலும் அப்படித்தான். செல்லுபடியான கனேடிய விசா இருப்பவர்களுக்கு விலக்கு இருக்கிறது. அந்த விசா காலாவதியாகியிருந்தால் என்ன ஆகும் என்பதைக் கட்டுநாயக்கவின் ‘செக்-இன்’ மேசையில் போய் அறியக்கூடாது. சீட்டுக்குப் பணம் கட்டுமுன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிடுவது நல்லது.

வானிலும் எல்லைகள் மூடப்படும்

டுபாய் – ரொறன்ரோ பெருவட்டக் கோட்டைப் பின்தொடர்ந்தால் அது ஈரானின் குறுக்கே போய், கருங்கடலின் கிழக்குக் கரையைத் தொட்டு, உக்ரைன் தலைநகர் கீவுக்கு மேலாகவே செல்கிறது. 2022 பெப்ரவரி 24 முதல் உக்ரைனின் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. அதே மாத இறுதியில் கனடா ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானை மூட, ரஷ்யா கனடா உட்பட முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானை மூடியது. ரஷ்யாவோடு முறிக்காத நாடுகளின் விமான சேவைகள் அதன் மேலால் பறக்கின்றன. மற்றவை சுற்றிப் போகின்றன. ஆப்கானிஸ்தானின் மேலே 2021 ஓகஸ்ட்டுக்குப் பிறகு வான்வழிக் கட்டுப்பாட்டுச் சேவை நின்றுபோனது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வானை மூடியதால், வரைபடத்தில் மிக நேரான டெல்லி வழியும் எயர் இந்தியாவுக்கு நீண்டுவிட்டது.

2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது ஈரான், ஈராக், ஜோர்தான் வான்பரப்புகள் ஒன்றாக மூடின. அந்த மாதம் 23 ஆம் திகதி கட்டாரும் சில மணித்தியாலங்கள் மூடியது. வளைகுடாவை நம்பியே எங்கள் கனடாப் பயணம் ஓடுகிறது. அங்கே ஒரு இரவு குழம்பினால், அடுத்த சில நாள் இருக்கைகள் கிடைப்பது கடினம்.

இருக்கைகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பழைய அரசியல் சண்டையையும் சொல்ல வேண்டும். நீண்ட காலம் எமிரேட்ஸ், எதிஹாட் இரண்டுக்கும் வாரத்துக்கு மும்மூன்று விமானங்கள் மட்டும் ரொறன்ரோவுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தன. 2010 இல் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் கூடுதலாகக் கேட்டது. கனடா மறுத்தது. அதன் பின்விளைவாக, ஆப்கான் போருக்காகக் கனேடிய இராணுவம் அங்கு வைத்திருந்த முகாமை மூட நேர்ந்தது. கனேடியர்களுக்கு எமிரேட்ஸ் விசாவையும் கட்டாயமாக்கியது. எத்தனை விமானம் ஓடலாம் என்பதை அரசாங்கங்கள் பேசித் தீர்மானிப்பதால், சீட்டு விலையில் எங்களுக்குத் தெரியாத பேச்சுவார்த்தைகளும் கலந்திருக்கின்றன.

கடிகாரம்

ரொறன்ரோ குளிர்காலத்தில் இலங்கையைவிடப் பத்தரை மணித்தியாலம் பின்னால். மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை. இலங்கையும் டுபாயும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. எனவே மார்ச், நவம்பர் மாதங்களில் சீட்டை மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும். (எங்களுக்குக் கடிகாரக் குழப்பம் புதிதல்ல. 1996 இல் அரசாங்கம் நேரத்தை முன்னே தள்ளியபோது வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரலில் நாடே பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, ஓமந்தையைத் தாண்டினால் கடிகாரமும் மாறிக்கொண்டிருந்தது.)

மேற்கே பறக்கும்போது நாள் நீள்கிறது. குளிர்காலத்தில் கனடா போகும் ஒருவருக்கு அன்றைய நாள் 24 மணித்தியாலம் அல்ல, முப்பத்துநாலரை. திரும்பி வரும்போது ஒரு நாள் பதின்மூன்றரையாகச் சுருங்கும். தூக்கம் கெடுவது சகித்துக்கொள்ளக்கூடியது. இன்சுலின் போடும் அம்மாவுக்கும், நாளுக்கு இரண்டு முறை இரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் அப்பாவுக்கும் அது அப்படியல்ல. புறப்படும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் இலங்கை நேரத்தில் ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் காட்டினால் எந்த வேளை மருந்தை எப்போது எடுப்பது என்று அவர் குறித்துத் தருவார். மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் பெட்டியில் போகட்டும்.

சக்கர நாற்காலி உதவி இலவசம். சீட்டு எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். நடக்கக்கூடிய வயோதிபரும் இதைக் கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை. டுபாயில் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்குப் போக ரயில் ஏற வேண்டியிருக்கும், அறிவிப்பு ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கும். உதவியாளர் வந்து அழைத்துப்போனால் அந்தப் பதற்றம் இல்லை. தனியே போகும் வயோதிபருக்கு இரண்டு மணித்தியால இடைத்தங்கலை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். மூன்று நான்கு இருக்கட்டும். இரண்டு விமானங்களும் ஒரே சீட்டில் பதிவாகியிருப்பது அதைவிட முக்கியம். அப்படியானால் முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான சேவையின் பொறுப்பு. மலிவுக்காகத் தனித்தனியாக வாங்கிய இரண்டு சீட்டுகளில் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை.

செத்தவீட்டுக்கு வந்து சேருதல்

இந்தப் பயண நேரம் மிகக் கடுமையாகத் தெரியும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை காலை 6 மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் இறந்துவிடுகிறார். மாதம் ஜனவரி. கொள்ளி வைக்க வேண்டிய மகன் ரொறன்ரோவில். அங்கே அப்போது ஞாயிறு இரவு ஏழரை. மலர்ச்சாலைக்காரரும் ஐயரும் உறவினரும் கேட்பது ஒரே கேள்வி: “தம்பி எப்ப வந்து சேருவார்?”

ஒரு மாதிரிக் கணக்கு இது. இரவோடு இரவாகச் சீட்டு எடுத்தாலும் விமானம் திங்கள் பிற்பகல் 2 மணிக்குத்தான் என்று வைப்போம். அதற்கு முன்பே பதினெட்டரை மணித்தியாலம் போய்விட்டது. வளைகுடாவுக்குப் பதின்மூன்று. அங்கே காத்திருப்பு ஆறு. கட்டுநாயக்கவுக்கு நாலேகால். குடிவரவு, பெட்டி எல்லாம் ஒரு மணித்தியாலம். வாசலில் ஹயஸ் வான் காத்திருந்தாலும் யாழ்ப்பாணத்துக்கு ஏழேகால். கூட்டினால் ஐம்பது. புதன் காலை 8 மணிக்கு மகன் வீட்டுப் படியேறுகிறார். இந்த ஐம்பதில் வானத்தில் கழிந்தது பதினேழேகால் மட்டும்.

நேரடி விமானம் இருந்திருந்தால்? இடைத்தங்கலும் இரண்டு விமானமும் சேர்ந்த இருபத்துமூன்றேகாலுக்குப் பதிலாகப் பதினைந்தரை ஆகியிருக்கும். எட்டு மணித்தியாலம் மிச்சம். புதன் காலைக்குப் பதில் செவ்வாய் நள்ளிரவு. நேரடி விமானத்தைப் பற்றி நாங்கள் கொண்டிருக்கும் கனவுக்கு இது சற்றுக் குறைவான பலன்தான். மாறாக, அதே செய்தி ரொறன்ரோவில் காலை 8 மணிக்கு எட்டி அன்றைய விமானத்தையே பிடிக்க முடிந்தால், முப்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். அன்றைய விமானத்தில் இடமில்லாமல் அடுத்த நாளுக்குத் தள்ளினால் ஐம்பது எழுபத்துநாலாகும்.

ஆகவே, வெளிநாட்டிலிருந்து பிள்ளை வருவதாக இருந்தால் கிரியையை மூன்றாம் நாளுக்கு முன் குறிக்காமல் இருப்பது நடைமுறை. உடலைப் பதப்படுத்தும் ஏற்பாட்டை மலர்ச்சாலையிடம் முதல் சில மணித்தியாலங்களிலேயே சொல்லிவிட வேண்டும். கடவுச்சீட்டு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று வயதான பெற்றோர் உள்ள எவரும் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. விமானத்தில் இடமிருந்தும், காலாவதியான கடவுச்சீட்டால் தாயின் முகத்தைத் தொலைபேசித் திரையில் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத்தான் வந்தார்கள்.

கடைசி ஏழேகால் மணித்தியாலத்தைக் குறைக்க முடியுமா என்று பலாலியைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்குச் சென்னையிலிருந்து சிறிய ஏ.ரி.ஆர். விமானங்கள் வருகின்றன. தூரம் 350 கிலோமீற்றர்தான், ஒரு மணித்தியாலம் அல்லது சற்றுக் கூட. வளைகுடாவிலிருந்து சென்னைக்கு வந்து அதில் மாறினால் வீதிப் பயணம் முழுவதும் மிச்சம். ஆனால் இரண்டும் தனித்தனிச் சீட்டாக இருந்தால் சென்னையில் குடிவரவைத் தாண்டிப் பெட்டியை எடுத்து மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும், பலாலி விமானத்தின் நேரமும் ஒத்துவர வேண்டும். திட்டமிட்டு வரும் விடுமுறைக்கு இது நல்ல வழி. ஞாயிறு இரவு ஏழரைக்குத் தொலைபேசி வந்தவருக்கு இப்போதைக்குக் கட்டுநாயக்கவும் வாசலில் நிற்கும் வானும்தான்.